மனவடுவும் குடிநோய்க்கான மருந்தும்: முன்பின் பற்றிய ஒரு மறுபரிசீலனை

குடியிலிருந்து மீள மருத்துவம் தேடி வருபவரிடம் "முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள், மனத்தில் இருப்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல நாடுகளின் மருத்துவமனைகளில் எழுதப்படாத விதியாக நிலவியது. போர், பாலியல் வன்முறை, சிறுவயதில் வீட்டுக்குள் வாங்கிய அடி, கண்முன் நிகழ்ந்த சாவு ஆகியவற்றின் நினைவைக் கிளறினால் நோயாளி தாங்கமாட்டார், மறுபடியும் குடியில் விழுந்துவிடுவார் என்ற அச்சமே அவ்விதிக்கு அடிப்படை. மனநலப் பிரிவில், அவர் குடிக்கிறார் என்பதைக் காட்டி உளச்சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. போதை மீட்புப் பிரிவில், அவருடைய பழைய நினைவுகள் தங்கள் பொறுப்பில் வராதவை என்று விடப்பட்டன. இரண்டு பிரிவுகளுக்கும் இடையே அலைந்து, எதிலும் முழுமையாகக் கவனிக்கப்படாமல் போனவர்கள் பலர். கடந்த சில பத்தாண்டுகளில் குடிநோய்க்கான மருந்துகளைப் பற்றி நடந்த ஆய்வுகள் இந்த வரிசையின் நியாயத்தை அசைத்துவிட்டன. இரு நோய்களும் பெரும்பாலும் ஒரே நரம்பு வழிகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன என்பதும், ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றுக்கான உளச்சிகிச்சைக்கு இடம் உண்டாக்கித் தரக்கூடும் என்பதும், ஆகவே இரண்டையும் ஒரே காலத்தில் தொடங்குவதே முறை என்பதும் இச்சொற்பொழிவின் நிலைப்பாடு.

மனவடு என்ற சொல் இங்கே யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் வழங்கும் பொருளில் ஆளப்படுகிறது. உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ பெருங்கேடு நேர்ந்த நிகழ்ச்சி முடிந்த பிறகும், அது முடியாததுபோல உடலும் மனமும் நடந்துகொள்ளும் நிலையே மனவடு நோய். நிகழ்ச்சி கெட்ட கனவாகவும் விழிப்பிலேயே தோன்றும் காட்சியாகவும் திரும்பி வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் ஒதுக்குவது, உணர்வு மரத்துப்போவது, சிறு ஓசைக்கும் தூக்கிவாரிப்போடுவது, உறக்கமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில்தான் இது தனி நோயாகப் பெயர் பெற்றது. வியத்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலையும் அவர்களுக்காக வாதாடியவர்களின் உழைப்பும் அந்த ஏற்பைப் பெற்றுத் தந்தன. அதே நூலின் ஐந்தாம் பதிப்பு, 2013-இல், மதுவுக்கு அடிமையாதல், மதுவைத் துர்ப்பயன்படுத்துதல் என்ற பழைய இரு பிரிவுகளையும் இணைத்து மதுப் பயன்பாட்டுக் கோளாறு என்று ஒன்றாக்கியது. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, நிறுத்த முயன்று முடியாமல் போவது, குடிக்கான தீராத வேட்கை, வேலையும் குடும்பமும் கெடுவது தெரிந்தும் தொடர்வது, நிறுத்தினால் கைநடுக்கமும் வியர்வையும் வருவது என்று அமையும் 11 அளவுகோல்களில், 12 மாதங்களுக்குள் இரண்டு காணப்பட்டாலே நோய் என்று கொள்ளப்படும். வசதி கருதி இதைக் குடிநோய் என்று சுருக்கிச் சொல்லலாம்.

இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது தற்செயல் ஆகாது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் கைசர் பெர்மனெண்டே மருத்துவ நிறுவனமும் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து நடத்தி, வின்சென்ட் ஃபெலிட்டி முதலானோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானவர்களிடம் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு, எதற்கும் ஆளாகாதவர்களைக் காட்டிலும் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்ததைக் காட்டியது. தாங்கமுடியாத உணர்வுக்குத் தாமே மருந்திட்டுக்கொள்ளும் முயற்சியாகவே பலர் போதைப்பொருளை நாடுகிறார்கள் என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்சியன் 1985-இல் முன்வைத்தார். இக்கருத்தைக் குடிப்பவருக்குச் சாக்குத் தேடித் தருவதாகக் குறை கூறுவோர் உண்டு. காரணத்தை அறிவதற்கும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் புலப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். எதனால் குடிக்கிறார் என்று தெரியாமல் எந்த மருந்து அவருக்கு உதவும் என்று தீர்மானிப்பது இயலாத செயல்.

துயரத்தின்போது மனிதர் குடிக்கிறார் என்பது பொதுவான எண்ணம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் வோல்ப்பிசெல்லி 1980-களில் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் இந்த எண்ணத்தைத் திருத்தின. எலிகளுக்குத் தம்மால் தடுக்கமுடியாத மின்னதிர்ச்சி தரப்பட்டது. அதிர்ச்சி கிடைத்த நாள்களில் அவை மதுவை அவ்வளவாக நாடவில்லை. அதிர்ச்சி நின்ற பிறகே மது கலந்த நீரை மிகுதியாகக் குடித்தன. வோல்ப்பிசெல்லி இதற்குத் தந்த விளக்கம் எண்டார்ஃபின் என்ற பொருளைச் சார்ந்தது. உடல் தானே சுரந்துகொள்ளும், அபினைப் போன்ற வலிநீக்கிகளே எண்டார்ஃபின்கள். ஆபத்தின் உச்சத்தில் அவை மிகுதியாகச் சுரந்து, காயம்பட்டவர் வலி அறியாமல் ஓடவும் போராடவும் துணைபுரிகின்றன. ஆபத்து விலகியதும் சுரப்பு இறங்குகிறது. அபினை வழக்கமாக உட்கொண்டவர் அது கிடைக்காதபோது படும் பதற்றம், எரிச்சல், உறக்கமின்மை ஆகியவற்றை ஒத்த ஒரு நிலை அப்போது உண்டாகிறது. மது எண்டார்ஃபின் சுரப்பைத் தூண்டுவதால் அந்த இறக்கத்தைச் சிறிது நேரம் ஈடுகட்டுகிறது. ஈடுகட்டியது இறங்கும்போது முன்னிலும் மோசமான நிலை வருகிறது. மறுபடியும் குடிக்க வேண்டியிருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் கட்டுப்பாடாக இருந்த படைவீரர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஏன் குடிக்கத் தொடங்குகிறார், வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணுக்குப் பாதுகாப்பான வீட்டில் ஏன் உறக்கம் வரவில்லை என்ற கேள்விகளுக்கு இவ்விளக்கம் ஒரு வழி காட்டுகிறது. இது கருதுகோளே, மனித மூளையில் நடப்பது இதைவிடச் சிக்கலானது. ஆயினும் இதிலிருந்து சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு முடிவு கிடைத்தது. எண்டார்ஃபின் சென்று ஒட்டும் ஏற்பிகளை அடைத்துவிட்டால், குடித்தும் எதிர்பார்த்த ஆறுதல் கிடைக்காதவருக்கு மேலும் குடிக்கத் தூண்டுதல் குறைய வேண்டும்.

அவ்வாறு அடைக்கக்கூடிய மருந்து அப்போதே கைவசம் இருந்தது. 1963-இல் எண்டோ ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, ஹெராயின் போன்ற அபின்வகைப் போதைக்காக 1984-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்த நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையே அது. ஃபிலடெல்ஃபியாவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 70 ஆண் நோயாளிகளைச் சேர்த்து, சிலருக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் நால்ட்ரெக்ஸோனும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 12 வாரங்கள் தந்து வோல்ப்பிசெல்லி குழுவினர் நடத்திய ஆய்வு 1992-இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 54.3 விழுக்காட்டினரும் மருந்து பெற்றவர்களில் 23 விழுக்காட்டினரும் பழைய அளவுக்கே குடிக்கத் திரும்பினர். இந்த எண்களைவிடக் கவனிக்கத்தக்கது அவற்றுக்குள் இருந்த ஒரு செய்தி. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 20 பேர் இடையில் ஒருமுறையாவது மதுவைத் தொட்டனர். அவர்களில் 19 பேர் முழுக்குடியில் விழுந்தனர். மருந்து பெற்றவர்களில் அவ்வாறு தொட்டவர்கள் 16 பேர். விழுந்தவர்கள் 8 பேர். "ஒரு கட்டிங் போட்டுவிட்டேன், இனி என்ன" என்று கையை விரிக்கும் நிலைக்கும், அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் மருத்துவரிடம் வரும் நிலைக்கும் இடையே மருந்து வேலை செய்கிறது என்பது இதன் பொருள். அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ஓமாலி குழுவினரும் இதற்கு ஒத்த முடிவை வெளியிட்டனர். 1994-இல் அமெரிக்க அரசு நால்ட்ரெக்ஸோனைக் குடிநோய்க்கும் ஏற்றது. மாதம் ஒருமுறை போடும் 380 மில்லிகிராம் ஊசி 2006-இல் வந்தது.

நால்ட்ரெக்ஸோனுக்கு முன்பு நான்கு பத்தாண்டுகள் குடிநோய்க்கு மருந்து என்றால் டைசல்ஃபிரம்தான். ரப்பரைப் பதப்படுத்தும் தொழிலில் பயன்பட்ட வேதிப்பொருள் அது. இவ்வகைப் பொருள்களைக் கையாண்ட தொழிலாளர்கள் மது அருந்தினால் உடம்புக்கு ஆவதில்லை என்பதை அமெரிக்கத் தொழிற்சாலை மருத்துவர் ஒருவர் 1937-இலேயே எழுதியிருந்தார். குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று அறியக் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர் அதைத் தாமே விழுங்கிப் பார்த்து, பின்னர் மது அருந்தியபோது உடல்நிலை கெட்டதைக் கொண்டு அதன் இயல்பைக் கண்டறிந்து 1948-இல் உலகுக்கு அறிவித்தனர். மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைட் என்ற நச்சுப்பொருளாகவும், பின்னர் தீங்கற்ற அசிட்டிக் அமிலமாகவும் மாறுகிறது. இந்த இரண்டாம் மாற்றத்தை நடத்தும் நொதியை டைசல்ஃபிரம் முடக்குகிறது. நச்சுப்பொருள் தேங்குவதால் முகம் சிவந்து, தலை தெறித்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் விழுகிறது. இதயநோய் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து நேரலாம். மதுவின் மீதுள்ள வேட்கையை இது நேரடியாகத் தணிப்பதில்லை. குடித்தால் என்ன ஆகும் என்ற அச்சமே தடுப்புச் சுவராக நிற்கிறது.

எனினும் டைசல்ஃபிரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. டோப்பமைன் என்ற நரம்புச் சுரப்பை நோர்அட்ரினலினாக மாற்றும் நொதியையும் அது தடுக்கிறது. நோர்அட்ரினலின் என்பது உடலை எச்சரிக்கை நிலையில் வைத்திருக்கும் நரம்புச் சுரப்பு. மனவடு நோயாளியின் தூக்கிவாரிப்போடலுக்கும் உறக்கமின்மைக்கும் அதன் மிகை ஒரு காரணம். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் இஸ்மீன் பெட்ராக்கிஸ் குழுவினர், குடிநோயோடு வேறொரு மனநோயும் கொண்ட 254 முன்னாள் படைவீரர்களுக்கு நால்ட்ரெக்ஸோன், டைசல்ஃபிரம், இரண்டும் சேர்த்து, வெற்று மாத்திரை என நான்கு விதமாகத் தந்து பார்த்தனர். அவர்களில் 93 பேருக்கு மனவடு நோய் இருந்தது. மனவடு உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் பயன் தராது, தந்தாலும் தாங்கமாட்டார்கள் என்ற ஐயத்துக்கு மாறாக, 2006-இல் வெளியான முடிவில் அவர்கள் ஏதேனும் ஒரு மருந்தைப் பெற்றபோது வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட நன்றாகவே தேறியிருந்தனர். இரண்டு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் பக்கவிளைவுகள் கூடுதலாகக் காணப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டைசல்ஃபிரம் பற்றிப் பேசும்போது நம் ஊர்களில் நடக்கும் ஒரு தீங்கைக் கடந்து செல்ல முடியாது. "குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரங்கள் பேருந்து நிறுத்தச் சுவர்களிலும் செய்தித்தாள் மூலைகளிலும் காணப்படுகின்றன. சாம்பாரிலோ காப்பியிலோ பொடித்துக் கலந்து கொடுக்கும்படி மனைவிக்கும் தாய்க்கும் சொல்லப்படுகிறது. அப்பொடியில் டைசல்ஃபிரம் இருக்குமானால், எதுவும் அறியாமல் அன்று மாலை குடிக்கும் மனிதர் மயங்கி விழலாம், மாரடைப்பும் வரலாம். உடலுக்கு வரும் ஆபத்து ஒருபுறம் இருக்க, தம் உடலுக்கு நேர்வது தம் கையில் இல்லை என்ற உணர்வே மனவடுவின் வேர் என்பதால், மிக நெருங்கியவர்களே அதை மறுபடியும் செய்தார்கள் என்று தெரியவரும்போது அவருக்கு மருந்தின் மீதும் மருத்துவரின் மீதும் வீட்டின் மீதும் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. அந்தப் பெண்களைக் குற்றம் சொல்வது முறையாகாது. வேறு வழி இருக்கிறது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

வேறு வழி உண்டு என்பதற்கு மும்பையில் நடந்த ஆய்வே சான்று. அவினாஷ் டி சூஸா, அலன் டி சூஸா ஆகியோர் 2004-இல் வெளியிட்ட அவ்வாய்வில் 100 ஆண்கள் டைசல்ஃபிரம், நால்ட்ரெக்ஸோன் என்ற இரண்டில் ஒன்றைத் தெரிந்தே ஓராண்டு உட்கொண்டனர். குடும்பத்தில் ஒருவர் நாள்தோறும் மாத்திரையை எடுத்துக் கொடுத்து விழுங்குவதைப் பார்த்துக்கொண்டார். ஆண்டு முடிவில் டைசல்ஃபிரம் பெற்றவர்களில் 86 விழுக்காட்டினரும் நால்ட்ரெக்ஸோன் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும் குடியைத் தொடாமல் இருந்தனர். வேட்கை மட்டும் நால்ட்ரெக்ஸோன் பெற்றவர்களிடம் குறைவாக இருந்தது. ஒளித்துக் கொடுக்கும்போது ஆபத்தாக இருக்கும் அதே மருந்து, ஒப்புதலோடும் துணையோடும் கொடுக்கும்போது பயன் தருகிறது. ஆனால் அந்தத் துணை யார் என்ற கேள்வி இங்கே எழுகிறது. பல ஆண்டுகள் அடி வாங்கிய மனைவியே பெரும்பாலும் மாத்திரை டப்பாவோடு நிற்க வேண்டியவர். குடித்த கணவனின் காலடி ஓசைக்கே நடுங்கும் அளவுக்கு மனவடு கொண்டவர் அவராகவும் இருக்கலாம். அவரை மருத்துவத்தின் கருவியாக மட்டும் கருதாமல், அவருடைய உறக்கத்தையும் அச்சத்தையும் பற்றித் தனியே கேட்கும் மருத்துவமே முழுமையானது.

பிற மருந்துகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். 1989-இல் பிரான்சிலும் 2004-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற அகாம்ப்ரோசேட், ஏற்கெனவே குடியை நிறுத்தியவர் தொடர்ந்து நிறுத்தியிருக்க உதவுகிறது. கல்லீரல் வழியாக அல்லாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஏற்றது. 118 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒருவர் மறுபடி குடிக்காமல் தடுக்க 11 பேருக்கு அகாம்ப்ரோசேட்டும், ஒருவர் பெருங்குடிக்குத் திரும்பாமல் தடுக்க 11 பேருக்கு நால்ட்ரெக்ஸோனும் தரவேண்டியுள்ளது. இது அற்புத மருந்தின் கணக்கு இல்லைதான். நாள்தோறும் எழுதித் தரப்படும் பல மருந்துகளின் பயன் இதைவிடக் குறைவு. கெட்ட கனவுகளைக் குறைக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட பிராசோசின், குடிநோயும் மனவடுவும் சேர்ந்த 96 முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. எதிர்பார்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் ஏற்கக்கூடாது என்பதற்கு அது சான்று.

வரிசை பற்றிய வாதத்துக்கு நேரடியாக விடை சொன்ன ஆய்வு எட்னா ஃபோவா தலைமையில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்து 2013-இல் வெளிவந்தது. ஹைஃபாவில் பிறந்த ஃபோவா, மனவடுவுக்கான நீடித்த எதிர்கொள்ளல் என்ற உளச்சிகிச்சையை உருவாக்கியவர். அதில் நோயாளி 90 நிமிட அமர்வு ஒன்றில் கண்களை மூடி, தமக்கு நேர்ந்ததை இப்போது நடப்பதுபோல நிகழ்காலத்தில் முதலிலிருந்து இறுதிவரை சொல்கிறார். சொல்லி முடித்து மறுபடியும் சொல்கிறார். அதன் ஒலிப்பதிவை வீட்டில் நாள்தோறும் கேட்கிறார். நெருப்புக்குப் பயந்து சமையலறைக்குள் போகாதவர் முதலில் வாசலில் நின்று, பிறகு உள்ளே சென்று, பிறகு அடுப்பைப் பற்றவைக்கும் வகையில், ஒதுக்கிவைத்த இடங்களுக்கும் செயல்களுக்கும் படிப்படியாகத் திரும்புகிறார். நினைவு வேறு, ஆபத்து வேறு என்பதை உடல் இவ்வாறு கற்றுக்கொள்கிறது. குடிநோயாளிக்கு இதைச் செய்யவே கூடாது என்பதுதான் பழைய விதி. இத்தனை வலியையும் கிளறிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே மதுக்கடை இருக்கிறது என்ற கவலை நியாயமானதாகவே தோன்றும்.

அந்தக் கவலையை ஃபோவா குழுவினர் சோதனைக்கு உட்படுத்தினர். இரு நோய்களும் கொண்ட 165 பேர், எதிர்கொள்ளல் சிகிச்சையும் நால்ட்ரெக்ஸோனும், எதிர்கொள்ளல் சிகிச்சையும் வெற்று மாத்திரையும், ஆதரவு ஆலோசனையும் நால்ட்ரெக்ஸோனும், ஆதரவு ஆலோசனையும் வெற்று மாத்திரையும் என்று நான்கு பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு 24 வாரங்கள் சிகிச்சை பெற்றனர். மருந்தின் அளவு வழக்கமானதைப்போல் இரு மடங்கு, நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். சிகிச்சை முடிவில் நான்கு பிரிவினரிடமும் குடி பெருமளவு குறைந்திருந்தது. நால்ட்ரெக்ஸோன் பெற்றவர்கள் குடித்த நாள்கள் 5.4 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்கள் குடித்த நாள்கள் 13.3 விழுக்காடு. எதிர்கொள்ளல் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகக் குடிக்கவில்லை. அரை நூற்றாண்டாக மருத்துவர்களின் கையைக் கட்டிவைத்த அச்சத்துக்கு இந்த ஒரு வரி முடிவே மறுமொழி. மனவடுவின் அடையாளங்கள் நான்கு பிரிவுகளிலும் குறைந்தன. ஆதரவு ஆலோசனையை எதிர்கொள்ளல் சிகிச்சை தெளிவாக விஞ்சவில்லை என்பதும் மறைக்கத் தேவையில்லாத உண்மை. சிகிச்சை நின்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நான்கு பிரிவுகளிலும் குடி மறுபடி ஏறியிருந்தது; எதிர்கொள்ளல் சிகிச்சையையும் நால்ட்ரெக்ஸோனையும் சேர்த்துப் பெற்றவர்களிடமே அந்த ஏற்றம் மிகக் குறைவு. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, உடன்நோய் இருப்பதைக் காரணம் காட்டி மனவடு சிகிச்சையை மறுக்கக்கூடாது என்றே பரிந்துரைத்தது.

முன்பின் என்ற வரிசை முறையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாள்களில் இடம் காலம் தெரியாத பிதற்றலும் வரக்கூடும். இந்தப் பிதற்றல் நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. அந்த நாள்களில் தேவைப்படுவது டயசெபாம் வகை மருந்தும், தயமின் என்ற பி1 உயிர்ச்சத்தும், மருத்துவக் கண்காணிப்பும்தான். பழைய நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு அப்போது ஆகாது. அதே டயசெபாம் வகையை மாதக்கணக்கில் தொடர்வது மனவடு நோயாளிக்கு நல்லதல்ல என்பதும் மேற்சொன்ன வழிகாட்டியின் பரிந்துரைகளில் ஒன்று. நால்ட்ரெக்ஸோன் தொடங்குமுன் அவர் வலிக்காக டிரமடால், மார்ஃபின் போன்றவற்றை உட்கொள்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். போரிலோ விபத்திலோ காயம்பட்டவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. உட்கொண்டால் கடும் உடல் உபாதை உண்டாகும் என்பதால் 7 முதல் 10 நாள்கள் இடைவெளி தேவை.

இந்த அறிவு தமிழர்களுக்கு மிக நெருங்கிப் பொருந்தும் இடம் இலங்கையின் வடக்கும் கிழக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் வடு தனி மனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சிதைக்கும் விதத்தைத் தொடர்ந்து எழுதியவர். சிதைந்த சமூகத்தின் அடையாளங்களில் ஒன்றாகக் குடிப்பெருக்கத்தையும் அவர் சுட்டியிருக்கிறார். போர் முடிந்த 2009-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011-இல் வெளியான கணக்கெடுப்பு, 7 விழுக்காட்டினரிடம் மனவடு நோயையும், 22.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வையும், 32.6 விழுக்காட்டினரிடம் பதற்ற நோயையும் கண்டது. கிளாடியா கட்டானி முதலானோர் வடகிழக்கின் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை வீட்டில் வாங்கும் அடியைக் கணிக்க உதவியவை இரண்டு: அந்தக் குடும்பத்துப் பிள்ளை பட்ட போர் அனுபவமும், தந்தையின் குடியும். ஷெல்லடியில் தொடங்கியது தந்தையின் போத்தலுக்குள் சென்று, அங்கிருந்து பிள்ளையின் முதுகில் இறங்குகிறது. சான் டியாகோ ஆய்வின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அந்தப் பிள்ளையே நாளைய குடிநோயாளியாகும் வாய்ப்பு மிக்கவர். ஆகவே அத்தந்தைக்கு இன்று தரும் சிகிச்சை இரண்டு தலைமுறைகளுக்கான சிகிச்சை.

இந்தியாவில் நிலை வேறு வகையில் கவலைக்குரியது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட, அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய தேசிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகச் சேர்வது 180 பேரில் ஒருவர். சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற மதிப்புமிக்க நிலையங்கள் ஒருபுறம் இருக்க, ஆளைக் கட்டித் தூக்கிச் சென்று பூட்டிவைத்து அடித்து "திருத்தும்" மையங்களும் நாட்டில் இருக்கின்றன. சிறுவயதில் அறைக்குள் பூட்டி அடிக்கப்பட்டதாலேயே குடிக்கத் தொடங்கிய ஒருவருக்கு அங்கே நேர்வது அதே நிகழ்ச்சியின் தொடர்ச்சி. வெளியே வந்த அன்றே அவர் குடிப்பதில் வியப்பில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பாதுகாப்புச் சட்டம், மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து காக்கப்படும் உரிமையை நோயாளிக்கு வழங்கியிருக்கிறது. அச்சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாமல், அடிக்கும் மையத்தை மூடவைக்கும் அளவுக்கு மாவட்ட நிர்வாகங்கள் அதைக் கையிலெடுக்க வேண்டும்.

மருத்துவமனைகளில் முதல் நாளிலேயே செய்யத்தக்கது எளியது. குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகளும், மனவடுவை அறிய அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் வழங்கும் 5 கேள்விகளும் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் முடியக்கூடியவை. கேட்பவர் செவிலியராகவும் இருக்கலாம். மனைவியும் தாயும் வெளியே அமர்ந்திருக்க, தனியறையில் கேட்பது அவசியம். விடை சொல்ல மறுப்பவரை வற்புறுத்தக்கூடாது. அவர் மறுபடி வரும் நாளில் மறுபடி கேட்கலாம். குடிநோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே சீட்டில் எழுதுமானால், ஒருவருக்கு நால்ட்ரெக்ஸோனும், மனவடு நோய்க்குத் தரப்படும் செர்ட்ரலின் என்ற மருந்தும், உளச்சிகிச்சையும் ஒரே வாரத்தில் தொடங்கத் தடையேதும் இல்லை.

எவ்வளவு காலம் என்ற கேள்வி எஞ்சுகிறது. ஃபோவாவின் ஆய்வில் சிகிச்சை நின்ற ஆறு மாதத்தில் குடி மறுபடி ஏறியதைக் கொண்டு பார்த்தால், 12 வாரமோ 24 வாரமோ போதாது என்றே கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை ஆறாம் மாதத்தில் நிறுத்தும்படி எவரும் சொல்வதில்லை. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்வதாகாதா என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. நால்ட்ரெக்ஸோன் போதை தருவதில்லை, அடிமைப்படுத்துவதில்லை. நிறுத்த வேண்டிய நாளில் படிப்படியாகக் குறைக்காமலேயே நிறுத்தலாம், மறுபடி தேவைப்பட்டால் மறுபடி தொடங்கலாம். கல்லீரல் சோதனைகளை இடையிடையே பார்த்துக்கொண்டு, கெட்ட கனவுகள் எத்தனை இரவு வந்தன, எத்தனை நாள் குடித்தார் என்ற இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்து, மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து தீர்மானிக்கலாம்.